நாற்பத்தொரு தடவை "பரவாயில்லை"

கடிதத்தின் மூன்றாவது பத்தியில்தான் அந்த வாக்கியம் இருந்தது. "கடந்த பதினோரு ஆண்டுகளில் கிளினிக்குக்கு வந்த நாற்பத்தொரு முறையும், எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, பரவாயில்லை என்றே நோயாளி பதிலளித்துள்ளார்." ஆகவே நோயாளியின் வயிற்றைத் துளைத்துக் குடலில் குழாய் வைக்க வேண்டிய அவசியம் இருப்பதாகக் காப்பீட்டு நிறுவனம் கருதவில்லையாம். கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து. அந்த ஆள் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

நான்தான் அந்த நோயாளி. பெயர் மார்லிஸ் கெசல், வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடி ஆறங்குலம், கடிதம் வந்த அன்று எடை தொண்ணூற்றாறு பவுண்டு. எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடைமேடை என் பொறுப்பு. கோதுமை ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும், நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். இருபது வருஷமாக எந்த லாரிக்காரனின் வாய்வார்த்தையை நம்பியும் நான் சீட்டு எழுதியதில்லை. மேடை என்ன காட்டுகிறதோ அதுதான். என்னை மட்டும் வாய்வார்த்தையை வைத்தே எடை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். மேல்முறையீட்டுக்குக் கூப்பிட வேண்டிய எண் அதில்தான் இருக்கிறது என்று நினைவு வந்ததும், குனிந்து எடுத்து, மேசையில் வைத்து நீவினேன். முழுசாகக் கோபப்படக்கூட விடமாட்டார்கள்.

எனக்கு மூன்று வியாதி. முதலாவது சீலியாக். கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். நான் இருப்பதோ ஜன்னலைத் திறந்தால் கோதுமை வயல், மூடினால் கோதுமைத் தூசி என்கிற ஊரில். இரண்டாவது குரோன்ஸ். அது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கழிப்பறைக்கு ஓட வைக்கும், சில நாள் ஓடவும் நேரம் கொடுக்காது. மூன்றாவதுக்குப் பெயர் காஸ்ட்ரோபரேசிஸ். இரைப்பை வேலை நிறுத்தம் செய்துவிட்டது என்று அர்த்தம். காலையில் குடித்த கஞ்சி சாயங்காலம் குடித்தபடியே மேலே வரும்.

மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவற்றைப் பார்க்கும் டாக்டர்களும் அப்படித்தான். ஒருவர் நார்ச்சத்து சாப்பிடு என்பார், அடுத்தவர் நார் பக்கமே போகாதே என்பார். கீழே ஓடுவதை நிறுத்தக் கொடுத்த மாத்திரை மேலே இரைப்பையையும் சேர்த்து நிறுத்தும். இரைப்பையை ஓட்டக் கொடுத்தது குடலைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள், இது வேண்டாம், அது வேண்டாம் என்று. ஒருநாள் மூன்று பட்டியலையும் மேசையில் பரப்பி என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். குழைந்த அரிசிக் கஞ்சியும் தண்ணீரும் மிஞ்சின.

பிஸ்மார்க் நகரத்தில் இருக்கும் டாக்டர் பிராண்ட்வோல்ட் ஒருத்திதான் மூன்றையும் சேர்த்துப் பார்த்தவள். "இரைப்பைய நம்பி இனி பிரயோஜனம் இல்ல, மார்லிஸ்," என்றாள். "அதத் தாண்டி சிறுகுடலுக்கு நேரா ஒரு குழாய் வச்சு சத்துநீர் குடுக்கலாம். ஆனா சீக்கிரமா செய்யணும். தொண்ணூறு பவுண்டுக்குக் கீழ போயிட்டீங்கன்னா மயக்க மருந்து குடுக்க எனக்கு தைரியம் வராது."

தொண்ணூற்றாறுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் ஆறு பவுண்டு. நான் வாரத்துக்கு ஒரு பவுண்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் எங்கள் ஊர் கிளினிக்குக்குப் போய், என் கோப்பு முழுவதையும் நகல் எடுத்துத் தரச் சொன்னேன். நர்ஸ் ஷார்லா எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதி. அங்கேயே நின்று புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில், "நோயாளி பரவாயில்லை என்கிறார்." "நோயாளி சமாளிப்பதாகச் சொல்கிறார்." ஒரு பக்கத்தில், "நோயாளி உற்சாகமாக இருக்கிறார்." அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று வண்டியை விட்டு இறங்கியதும் கிளினிக் சுவரோரம் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னடி எழுதி வச்சிருக்க இது?" என்றேன்.

"நீ சொன்னதத்தான் எழுதினேன்."

"நான் சொன்னத யாரு எழுதச் சொன்னா? பாத்தத எழுதியிருக்கலாம்ல? எலும்பும் தோலுமா வந்து நிக்கறேன், உனக்குக் கண்ணு இல்ல?"

"பாத்தேன்டி. கேட்டேனே! ஒவ்வொரு தடவையும் கேட்டேன். நீதான் பல்லக் காட்டிக்கிட்டு, எனக்கென்ன, நீ எப்படி இருக்க, உன் முட்டிவலி எப்படி இருக்குன்னு என்னயே திருப்பிக் கேட்ட. என் முட்டியப் பத்திப் பேசிட்டு எந்திரிச்சுப் போயிடுவ."

அது உண்மை. உண்மை என்பதால் இன்னும் எரிச்சல் வந்தது. "உன் முட்டியக் கொண்டு போய்க் குப்பையில போடு," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பரவாயில்லை என்பது எங்கள் ஊரில் பதிலே கிடையாது. மழை பெய்தால் குடை விரிக்கிற மாதிரி தானாக வரும். என் அப்பா அறுவடை இயந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்த அன்று, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் கீறிடுச்சு, சாப்பாட்ட எடுத்து வை," என்றார். ஊரே அதைப் பெருமையாகச் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவர்களைப் பற்றி எங்கள் ஊர் பேசுகிற பேச்சே வேறு. "அவளுக்கென்ன, எப்பப் பாரு ஒரு அழுகை." அந்தப் பேச்சு என்மேல் விழுந்துவிடக் கூடாது என்று எனக்கு ஆறு வயதில் பயம் வந்தது. ஐம்பத்திரண்டிலும் போகவில்லை.

இதற்கு நடுவில் பக்கத்துப் பண்ணை ஆர்டெல் ஒரு பெரிய பாத்திரம் நிறைய சூப் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பேச்சு வராது, பாத்திரம் வரும். பாலும் உருளைக்கிழங்கும் போட்டு, கோதுமை மாவை உருட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிற சூப்.

"பயப்படாமக் குடி, மார்லிஸ்," என்றாள். "உனக்கு மாவு ஆகாதுன்னு தெரியும். அதான் உருண்டைய எல்லாம் ஒன்னு விடாமப் பொறுக்கி எடுத்துட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அய்யோ, இவ்வளவு சிரமப்பட்டியா, ரொம்ப நன்றி," என்றேன். அவள் போனதும் அந்த விஷத்தைக் கொல்லைப்புறத்தில் கொட்டினேன். மறுநாள் அவள் போனில் கேட்டபோது, ரொம்ப நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். அடுத்த வாரம் இன்னொரு பாத்திரம் வந்தது. எனக்கு ஆர்டெல்மேல் கோபமில்லை. என் நாக்கைப் பிடுங்கி அந்தப் பாத்திரத்திலேயே போட்டுக் கொடுத்தனுப்பலாம் என்று இருந்தது.

மேல்முறையீடு போனில் நடக்கும் என்று தகவல் வந்தது. வியாழக்கிழமை பகல் இரண்டு மணி, மூன்று பேர் கேட்பார்கள், இருபது நிமிஷம். டாக்டர் பிராண்ட்வோல்ட் முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டு எச்சரித்தாள். "மரியாதை, நாகரிகம் எல்லாத்தையும் மூட்ட கட்டி வச்சிட்டுப் பேசுங்க. எத்தனை தடவ வாந்தி, எத்தனை தடவ பேதி, நம்பரா சொல்லுங்க. கூச்சப்பட்டீங்கன்னா கெட்டீங்க."

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வயலிலிருந்து வந்த வெர்லினை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். வெர்லின் என் வீட்டுக்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, அதனால் வா போ என்றுதான் பேசிக்கொள்வோம். அதிகம் பேசிக்கொள்வோம் என்று சொல்ல மாட்டேன். அவன் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம்.

"நீதான் காப்பீட்டு ஆளு. கேளு," என்றேன்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வணக்கம் மிசஸ் கெசல். எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லைங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மறுபடி கேளு."

"எப்படி இருக்கீங்க?"

"ஏதோ போகுதுங்க." மேசையைக் கையால் ஓங்கி அடித்தேன். "மறுபடி!"

மூன்றாவது தடவையும் அதேதான் வந்தது. வெர்லின் சிரித்துவிட்டான். நான் உப்பு டப்பாவைத் தூக்கி எறிந்தேன். அது அவன் காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டது. பிறகு அவன் சிரிக்காமல் பதினேழு தடவை கேட்டான். பதினெட்டாவது தடவை என் வாயிலிருந்து, "நான் பட்டினியால செத்துக்கிட்டு இருக்கேன்," என்று வந்தது. வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான்.

வியாழக்கிழமை என் எடை தொண்ணூற்று நாலு. சமையலறை மேசையில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டிவிட்டு, நானும் வெர்லினும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வெர்லினின் தம்பி ரோலண்ட் உள்ளே வந்தான். அறுவடை இயந்திரத்தில் ஏதோ உடைந்துவிட்டதாம், மாற்றுச் சாமான் எங்கே என்று கேட்க வந்தவன், காப்பியை ஊற்றிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றுவிட்டான். கொஞ்சம் வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் காப்பி ஊற்றிக்கொண்டவனை அப்படி எழுப்ப முடியாது. போன் மணி அடித்தது.

மூன்று குரல்கள். தலைமை வகித்த ஒரு பெண், ஒரு டாக்டர், மூன்றாவது ஆள் மூச்சு மட்டும் விட்டார்.

"வணக்கம் மிசஸ் கெசல், இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"பட்டினியால செத்துக்கிட்டு இருக்கேன்," என்றேன். தொட்டியோரம் ரோலண்ட் காப்பியை உறிஞ்சுவது நின்றது.

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் போய்விட்டது. "ஒரு நாளைக்கு ஒன்பது தடவ வாந்தி. அஞ்சு நாள்ல உள்ள தங்கினது ரெண்டு கப் கஞ்சி. பேதி பன்னெண்டு தடவ, சில நாள் ரத்தத்தோட. போன வாரம் வேல பாக்கற இடத்துல நாற்காலியிலயே போயிடுச்சு. பேன்ட்டக் கழட்டிப் பையில சுத்தி வச்சிட்டு, ஒரு கோணிய இடுப்புல கட்டிக்கிட்டு மூணு லாரிக்கு சீட்டு எழுதினேன்."

"இது எதுவுமே கிளினிக் குறிப்புல இல்லையே?" என்றது டாக்டர் குரல்.

"இருக்காது. ஏன்னா நான் பொய் சொன்னேன். நாப்பத்தொரு தடவ பொய் சொன்னேன்."

எதிர்முனையில் யாரோ எழுதுகிற சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொல்வதை ஒருவர் சரியாக எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு நிமிர்ந்தது.

"உங்க கணவர் பக்கத்துல இருக்காரா?" என்று தலைவி கேட்டாள்.

"இருக்கேன்," என்றான் வெர்லின்.

"வீட்டுல அவங்க என்ன சாப்பிடறாங்க சார்? நீங்க பாக்கறதச் சொல்லுங்க."

வெர்லின் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். "ஏதோ சாப்பிடுவா," என்றான். "கொஞ்சம் கொஞ்சமா. சமாளிச்சுக்குவா. திடமான ஆளு அவ, எதையும் தாங்கிக்குவா."

அவன் என்னைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. அதுதான் பெரிய கொடுமை. அவன் என்னைப் பாராட்டினான். எங்கள் ஊரில் ஒரு புருஷன் நாலு பேர் முன்னால் தன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த வார்த்தை அது. என் கல்லறையில் அதை வெட்டி வைப்பான்.

"வெர்லின், செவ்வாக்கிழம நடந்ததச் சொல்லு," என்றேன்.

அவன் மேசைமேல் இருந்த உப்பு டப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"செவ்வாக்கிழம என்ன நடந்துச்சு? சொல்லு!"

"இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு," என்றாள் தலைவி.

நான் போனைப் பார்த்துக் கத்தினேன். "அவர் பொய் சொல்றார்ங்க! என் வீட்டுக்காரர் பொய் சொல்றார்!"

கட்டின புருஷனை அவன் தம்பி முன்னால் பொய்யன் என்று சொன்னவள் எங்கள் ஊரில் எனக்கு முன்னால் யாரும் இருப்பாள் என்று தோன்றவில்லை. வெர்லினின் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தது. பிறகு, மேசைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"செவ்வாக்கிழம குளியலறையில விழுந்து கிடந்தா. எல்லாம் அவ மேலயே போயிருந்துச்சு. நான்தான் தூக்கித் தொட்டியில வச்சுக் கழுவினேன். ஒரு கையில தூக்கிட்டேன். அம்பது பவுண்டு விதை மூட்ட ரெண்டு, அவ்வளவுகூட இல்ல. தூங்கறப்ப மூச்சு வருதான்னு காத வச்சுப் பாக்கறேன்."

ரோலண்ட் தண்ணீர்க் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கோப்பையைக் கழுவ ஆரம்பித்தான். அவன் அண்ணன் பேசி முடிக்கிறவரைக்கும் அதையே கழுவிக்கொண்டிருந்தான்.

"நன்றி. முடிவ எழுத்துல அனுப்புவோம்," என்றாள் தலைவி.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கணவர் முதலில் தாமாகச் சொன்னதற்கும், நோயாளி வற்புறுத்திய பிறகு சொன்னதற்கும் முரண்பாடு இருக்கிறதாம். தாமாகச் சொன்னதையே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களாம். "சமாளித்துக்கொள்வார்" என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். புதிய ஆதாரம் இருந்தால் டாக்டர் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கடைசி வரி.

வெர்லின் வீட்டுக்குள் நுழைகிறவரை காத்திருந்து, கடிதத்தை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். "படி. உன் தம்பி முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு என்னக் கொன்னுட்ட. நல்லாப் படி."

அவன் நின்றபடியே இரண்டு தடவை படித்தான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வரும் என்று தெரியும், அதனால் பார்க்கவில்லை. இதெல்லாம் சொன்னதற்காக நான் பிறகும் வருத்தப்படவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அன்று என் எடை தொண்ணூற்று மூன்று.

மூன்று நாள் கழித்து, மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நல்ல வெயில், காய்ந்த கதிர், அறுவடைக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் இயந்திரம் நின்றிருந்தது. பழுதா என்று பயந்துகொண்டே கிட்டே போனேன். வெர்லின் பெரிய சக்கரத்தில் சாய்ந்து நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். கையில் விதைக் கம்பெனி கொடுத்த சின்ன நோட்டுப் புத்தகம். பத்தடி தள்ளி லாரியில் ரோலண்ட், ஜன்னல் திறந்திருந்தது.

"காலையில ஆறே காலுக்கு ஒன்னு," என்று வெர்லின் வாசித்துக்கொண்டிருந்தான். "பச்ச நிறம், பித்தம். ஒரு காப்பிக் கோப்பை இருக்கும். ஏழு மணிக்கு மூணு கரண்டி கஞ்சி. ஏழு நாப்பதுக்கு அது அப்படியே வெளிய. எழுதிட்டீங்களாம்மா? பித்தம்னு போடுங்க. சரி. இப்ப பேதி."

அவன் பேசி முடிக்கிறவரை சாப்பாட்டுக் கூடையோடு நின்றேன்.

"என்ன பண்ற?" என்றேன்.

"காப்பீட்டுக் கம்பெனியில போன் எடுத்ததும், பேசறது எல்லாம் பதிவாகும்னு சொல்றாங்க," என்றான். "அப்ப நான் சொன்னா எழுதிக்குவீங்களான்னு அந்தப் பொண்ணக் கேட்டேன். குறிப்புல போட்டே ஆகணும் சார், விதின்னு சொல்லுச்சு. அதான்." இயந்திரத்தின் ஏணியில் ஏறியவன் பாதியில் நின்று, "தினமும் கூப்பிடுவேன்," என்றான்.

கூப்பிட்டான். மழை பெய்து அறுவடை நின்ற இரண்டு நாளும் கிடங்கின் முன்னறையிலிருந்து கூப்பிட்டான். ஊர் ஆண்கள் எல்லாம் காப்பி குடிக்கிற இடம் அது. என் ஜன்னலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைதான். "ரத்தம் இருந்துச்சு, ஆமா, கருஞ்சிவப்பு," என்று என் வீட்டுக்காரன் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எட்டுப் பத்துப் பேர் தங்கள் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் பார்க்காமலே தெரிந்தது. அவன் முடித்த பிறகு யாரோ, அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "என்னப்பா வெர்லின், எப்படி இருக்க?" என்று கேட்டார்கள்.

"மோசமா இருக்கேன்," என்றான் வெர்லின்.

நான் எழுதிக்கொண்டிருந்த சீட்டில் பேனா அழுந்திக் கிழிந்தது. அவன்மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது. இறங்கியது காணாமல் போகவில்லை, போக வேண்டிய இடத்துக்குப் போனது. இந்த மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். சட்டையில்லாமல் ஊருக்குள் நடக்கச் சொன்னால்கூட அவனுக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். அவனை இப்படி நிற்க வைத்தது யார்? எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, என் உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பெருமைக்குச் சொன்ன ஒரு வார்த்தையைப் பொறுக்கி எடுத்து மேற்கோள் குறி போட்ட அந்த மூன்று பேர்.

டாக்டர் பிராண்ட்வோல்ட் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்த என் கோப்பிலிருந்து அந்த அழைப்புக் குறிப்புகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள். அவர்களே எழுதியது, அவர்களே தேதி போட்டது. அதையே புதிய ஆதாரமாக இணைத்து அவசர விண்ணப்பம் போட்டாள்.

வெர்லின் கூப்பிட ஆரம்பித்த பதினேழாவது நாள் காலை என் எடை தொண்ணூற்றரை. நேரம் பத்தரை இருக்கும், மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. போன் அடித்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து, வெர்லினைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்கள்.

"நல்ல செய்தி, மிசஸ் கெசல்!" இளம்பெண்ணின் குரல், துள்ளலாக. "அனுமதி கிடைச்சிருச்சு. திங்கக்கிழமையே குழாய் வைக்கலாம். உங்க டாக்டர்கிட்டயும் சொல்லிட்டோம்."

எழுதிக்கொண்டிருந்த சீட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"மேடம்? இருக்கீங்களா? உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்."

"இந்தப் பேச்சும் பதிவாகுதா?" என்றேன்.

"ஆகுது மேடம்."

"அப்ப எழுதிக்கம்மா. என் வீட்டுக்காரர் கல்யாணம் பண்ணிக்கறியான்னு என்னக் கேட்டதே ஒரே ஒரு வார்த்தையில. எங்க அம்மா செத்தப்பகூட தோள்ல கைதான் வச்சார், வாயத் திறக்கல. அப்பேர்ப்பட்ட மனுஷன பதினாறு நாள், ஊர் பாக்க, தம்பி பாக்க, பொண்டாட்டியோட வாந்தியயும் பேதியயும் அளந்து அளந்து சொல்ல வச்சீங்க. நான் சாகக் கிடக்கறேன்னு நம்பறதுக்கு அவரோட மானம் தேவப்பட்டுச்சு உங்களுக்கு. அதுக்கு உங்கள நான் மன்னிக்க மாட்டேன். மன்னிக்க மாட்டேன்னு போடு. நீ சொந்தமா எதுவும் மாத்திப் போடாத."

விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, நீண்ட நேரம் கேட்டது. வெளியே லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"போட்டுட்டேன் மேடம்," என்றாள். குரலில் துள்ளல் இல்லை.

"படிச்சுக் காட்டு."

அவள் தயங்கினாள். பிறகு படித்தாள். முழுவதும் படித்தாள், ஒரு வார்த்தை குறையவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் அவள் குரல் உடைந்தது. அதற்காக நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

"சரியா இருக்கு," என்றேன். "திங்கக்கிழம எத்தனை மணிக்கு வரணும்?"